மார்கழிக் குளுருல நடை நின்னு போச்சுங்க, என்ன பண்ணலாம்?

பவர்டேபிள்அக்கா கேட்டது:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நமக்கு ஊரு சென்னிமலைக்கும் ஊத்துக்குளிக்கும் நடுவால. வயசு 51. ஊட்டுலயே ரண்டு பவர்டேபிள், ஒரு ஓவர்லாக் போட்டு திருப்பூர் கம்பெனிக்கு பீஸ் ரேட்டுல தைச்சுக் குடுக்கறேன். காத்தால எட்டரைக்கு மிசின்ல உக்காந்தா ராத்திரி எட்டு வரைக்கும் இடுப்புக்குக் கீழ அசையறது பெடலை மிதிக்கிற பாதம் மட்டுந்தான்.

போன சித்திரைல சக்கரைன்னு சொல்லிப்போட்டாங்க. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் குடுத்து, தெனமும் அரைமணி நேரம் நடக்கோணும்னாங்க. வைகாசில ஆரம்பிச்சு ஐப்பசி வரைக்கும் வுடாம நடந்தேனுங்க. வெடியால அஞ்சரைக்கு எந்திரிச்சு, எங்க இட்டேரி (ரண்டு வேலிக்கு நடுவால போற மண்ணுத் தடம்) வழியா கீழ்பவானி வாய்க்கா மேடு வரைக்கும் போயிட்டு வந்தா முப்பத்தஞ்சு நிமிசம். கூட எங்க நங்கையாளும் வருவாங்க. ஊர்க்கதை பேசிக்கிட்டே போறதுல தூரமே தெரியாது.

ஐப்பசி மழைல பாதி கெட்டுது. கார்த்திகைல நங்கையா மக பிரசவத்துக்குன்னு கோயமுத்தூர் போயிட்டாங்க. இப்ப மார்கழி. அஞ்சரைக்குக் கதவைத் தொறந்தா கும்மிருட்டு, பொழுது கெளம்பவே ஆறே முக்கால்கிட்ட ஆகுது. வாய்க்கா மேட்டுல பனி எறங்கி நாலடி முன்னால இருக்கறது தெரியல. கடைசியா நடந்த அன்னிக்கு ஒரு நாய் தொரத்தி, ஒரு செருப்பை அங்கயே வுட்டுட்டு ஓடியாந்தேன். (செருப்பு மறுநாள் கெடைச்சுது, வார் இல்லாம.) முழங்கால் வேற எந்திரிச்ச ஒடனே கட்டை மாதிரி இருக்குது, ரண்டு காலையும் சித்த நேரம் தேச்சு வுட்டாத்தான் மடங்குது. சென்னிமலைப் போர்வை ஊருக்கே பேருங்க. அதுக்குள்ளார சுருண்டு படுத்துட்டா எந்திரிக்க எவளுக்கு மனசு வரும்?

இருவது நாளா ஒரு அடி நடக்கல. எங்கூட்டுக்காரர் ஜிம்முல சேருன்றாரு. பக்கத்துல ஜிம்முன்னா பெருந்துறை போகோணும், போயிட்டு வர்ற நேரத்துல நான் நாப்பது பீஸ் ஓட்டிருவேன். குளுருகாலத்துல நீங்கெல்லாம் எப்படிச் சமாளிக்கறீங்க? வெளிநாட்டுல இருக்கறவங்க சிரிக்காதீங்க, எங்களுக்கு பதினெட்டு டிகிரின்னா அதுவே ஊட்டி.

---

இட்டேரிக்காரன்:

அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. பண்ணையம் பண்றவனுக்கு ஏதுங்க வாக்கிங்கு? எங்கப்பன் மார்கழில மூணு மணிக்கு எந்திரிச்சு, சாக்கைக் கொங்காடை போட்டுக்கிட்டு, தண்ணி கட்டப் போவாரு. பொழுது கெளம்பறப்ப ஒடம்புல வேர்வை ஓடும். தை மாசி ஆச்சுன்னா மஞ்ச வெட்டு. குனிஞ்சா நிமுறத் தேவையில்ல, அத்தன வேலை. இன்னிக்கு எல்லாத்துக்கும் மோட்டாரு, எல்லாத்துக்கும் வண்டி. எங்க தோட்டத்துல வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கற பெரியப்பன் ஊட்டுக்கே எம்பையன் பைக்குல போறான்.

நானு சொல்றது சுலுவு. பச்சத்தண்ணிய தலைக்கு ஊத்திக்கிட்டு, வெறும் வயித்துல அஞ்சு மைல் நடங்க. குளுரு எங்கிருக்குதுன்னு தேடோணும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறவங்களப் பாருங்க. நானு இருவத்தி ரண்டு வருசமா போறேன். மார்கழி பொறந்தா தோட்டத்தச் சுத்தி நடந்து நடந்து காலைப் பழக்கிப்போடுவேன். இல்லீன்னா தாராபுரம் தாண்டறதுக்குள்ள கொப்புளம் வந்து, அப்பறம் அந்த 693 படி ஏறறப்ப முருகனைக் கூப்புடாம பெத்தவளைக் கூப்புடோணும்.

நாய்க்குக் குச்சி எடுத்துக்குங்க. அடிக்க வேண்டாம், கையில இருந்தாப் போதும்.

---

ஈரோடுபிசியோ:

அக்கா, நான் ஈரோட்டுல பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இட்டேரிக்கார அய்யா சொன்ன பச்சத்தண்ணி, வெறும் வயிறு, அஞ்சு மைல் மூணும் அவருக்குச் சரிப்படும், ஏன்னா அவர் ஒடம்பு அறுவது வருசமா அதுக்குப் பழகினது. உங்களுக்கு வேண்டாம்.

காரணம் இதுதான். குளிர் பட்டதும் தோலுக்குப் பக்கத்துல இருக்கற ரத்தக்குழாய்ங்க சுருங்கும். ஒடம்பு தன் சூட்டைக் காப்பாத்திக்கற வழி அது. குழாய் சுருங்கினா ரத்த அழுத்தம் ஏறும், இருதயத்துக்கு வேலை அதிகம். வெதுவெதுன்னு போர்வைக்குள்ள இருந்துட்டு நேரா எந்திரிச்சுப் போய் பனியில வேகமா நடந்தா அந்தச் சுமை ஒரேயடியா விழுது. சர்க்கரையோட பிரஷரும் இருக்கறவங்க இதைக் கவனிக்கணும். நெஞ்சு அடைக்கற மாதிரியோ, தாடை, இடது கை பக்கம் இழுக்கற மாதிரியோ இருந்தா அங்கயே நடையை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும், வீட்டுக்குப் போய் சுக்குக் காப்பி குடிச்சுப் பார்க்கக் கூடாது. இன்னொண்ணு, குளிர்கால விடியல்ல தரைக்குப் பக்கத்துல குளிர்ந்த காத்து தேங்கி நிக்கும். குப்பை எரிச்ச புகை, ரோட்டுப் புகை எல்லாம் மேல போகாம நம்ம மூக்கு உயரத்துலயே இருக்கும். இளைப்பு இருக்கறவங்களுக்கு அது ஆகாது.

நடக்கறதுன்னா விடியக்காலைலதான்னு நம்ம ஊர்ல ஒரு சட்டம் மாதிரி வச்சிருக்கோம். எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் அந்த நேரம் தவறினா அன்னிக்கு நடையே இல்லைன்னு விட்டுடறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிசம், கொஞ்சம் மூச்சு வாங்கற வேகத்துல. பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். அதை எத்தனை துண்டா வேணும்னாலும் வெட்டிக்கலாம். நீங்க துணி வெட்டறவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? மூணு வேளை சாப்பாட்டுக்கு அப்புறமும் பத்துப் பத்து நிமிசம் நடங்க, அரைமணி ஆச்சு. சர்க்கரைக்காரங்களுக்கு இதுல கூடுதல் லாபம் இருக்குது. சாப்பிட்டதும் ஏறற சர்க்கரையை அப்பவே காலோட தசை இழுத்து எரிச்சிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கற பத்து நிமிசத்தை மட்டும் விட்டுடாதீங்க.

மாத்திரை என்ன பேருன்னு பாருங்க. மெட்ஃபார்மின் மட்டும்னா பயம் குறைவு. கிளிமிபிரைடு மாதிரி ஏதாவது இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, வெறும் வயித்துல நீள நடை போகாதீங்க, சர்க்கரை இறங்கிடும். முந்தானைல ரெண்டு மிட்டாய் முடிஞ்சு வச்சுக்கங்க. கை நடுங்கி, திடீர்னு வேர்த்து, கண் இருட்டினா வாய்ல போட்டுக்கறதுக்கு, பேரனுக்குக் குடுக்கறதுக்கு இல்ல.

முழங்காலுக்கு: காலைல கட்டில்ல இருந்து இறங்கறதுக்கு முன்னாடி படுத்தபடியே பாதத்தை மேல கீழ இருவது தடவை ஆட்டுங்க. அப்புறம் கட்டில் ஓரத்துல உக்காந்து ஒவ்வொரு காலா நேரா நீட்டி அஞ்சு எண்ணி மடக்குங்க, பத்து தடவை. அதுக்கப்புறம்தான் நிக்கணும். வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு வேலை குடுங்க. நாற்காலில கை ஊணாம எந்திரிச்சு உக்காரறது பத்து, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்கறது பதினஞ்சு. பால் குக்கர் விசில் அடிக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்.

கடைசியா பாதம். இதை நான் எழுதாம விட மாட்டேன். பனிக்காலத்துல பித்தவெடிப்பு வரும், சர்க்கரையில உணர்ச்சி மந்தமா இருந்தா வெடிப்பு ஆழமாப் போனாலும் வலி தெரியாது. ராத்திரி படுக்கறப்ப தேங்காயெண்ணெய் தடவி சாக்ஸ் போடுங்க. வெரல் இடுக்குல எண்ணெய் வேண்டாம், அங்க ஈரம் நின்னா புண்ணாகும். வார் அறுந்த செருப்பைத் தைச்சுப் போட்டுக்கறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, பின்பக்கம் பிடிமானம் இருக்கற ஷூ வாங்குங்க. போடறதுக்கு முன்னாடி கையை உள்ள விட்டுத் தடவிப் பாருங்க. போன வருசம் ஒருத்தர் ஷூவுக்குள்ள பாபின் (தையல் மிஷின்ல நூல் சுத்தற சின்ன உருளை) கிடந்தது தெரியாம நாள் முழுக்க நடந்துட்டு வந்தார். அவரும் டெய்லர்தான்.

---

மினியாப்பொலிஸ்மாப்ளை:

அக்கா நான் சிரிக்கலீங்க. ஆனா இங்க இன்னிக்குக் காலைல மைனஸ் 21. சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

நானும் திருப்பூர்க்காரன். இங்க வந்த முதல் வருசம் நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் சோபாவை விட்டு எந்திரிக்கல, ஒம்போது கிலோ ஏறிடுச்சு. டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கே இருட்டிரும், ஆபீஸ் முடிஞ்சு வெளிய வந்தா நடுராத்திரி மாதிரி இருக்கும். அப்பறம் ஒரு பெரியவர்தான் ஸ்கைவேல நடக்கச் சொல்லிக் குடுத்தாரு. இந்த ஊர்ல கட்டடத்துக்குக் கட்டடம் ரண்டாவது மாடி உயரத்துல கண்ணாடிப் பாலம் போட்டிருக்காங்க. எல்லாத்தையும் சேர்த்தா கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். வெளிய பனி கொட்டும், உள்ள சட்டையோட நடக்கலாம். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல இருவது நிமிசம் நடக்கறேன். ரிட்டயர் ஆனவங்க மால்ல கடை தொறக்கறதுக்கு முன்னாலயே வந்து கூட்டமா நடப்பாங்க.

வெளிய நடக்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்குதுங்க. ஒரே தடிச் சொக்காயா இல்லாம மெல்லிசு மெல்லிசா மூணு அடுக்கு போடோணும். ஒடம்போட ஒட்டி இருக்கற அடுக்கு பருத்தியா இருக்கக் கூடாது, வேர்வையை உறிஞ்சு வச்சுக்கிட்டு ஒடம்பைச் சில்லுன்னு ஆக்கிரும். பனியன் ஊர்ல பொறந்துட்டு பனியன் போடாதேன்னு சொல்றதைக் கேக்க வேண்டியதாப் போச்சு. ஐஸ் மேல நடக்கறப்ப பாக்கெட்டுல கை வுடாம, பென்குயின் மாதிரி சின்னச் சின்ன அடியா வைக்கோணும். உங்களுக்கு இது எதுவும் வேண்டாம், காதை மூடிக்குங்க, பத்து மணி வெயில்ல நடங்க. பத்து மணி வெயிலுன்னு எழுதறப்பவே எனக்குப் பொறாமையா இருக்குது.

---

ட்ரெட்மில்ஓனர்:

45,000 குடுத்து ட்ரெட்மில் வாங்குனேன். மழைக்காலத்துல துணி காயப்போட ரொம்ப வசதி. வேணும்னா சொல்லுங்க, பாதி வெலைக்குத் தர்றேன்.

---

சலங்கைக்காரி:

ஏனுங்க, யாரும் கும்மியப் பத்திச் சொல்லலியே? உங்க பக்கத்துல எந்த ஊருக் கோயல் மைதானத்துலயாச்சும் ராத்திரி ஏழரைக்கு மேல மைக்கு சத்தம் கேக்குதான்னு பாருங்க. வள்ளிக் கும்மி பழக்கிக்கிட்டிருப்பாங்க.

நான் போன வருசம் சேந்தேன். வயசு 47, ஒடம்பு 78 கிலோ, மேடைல ஏறுனதே கல்யாணத்தன்னிக்கு மட்டுந்தான். எங்க மாரியம்மன் கோயல் முன்னால மண்ணுல வட்டமா நிக்க வச்சாரு வாத்தியாரு. எட்டு வயசுப் புள்ளையில இருந்து அறுவத்தி மூணு வயசு ஆத்தா வரைக்கும் ஒரே வட்டம். மொத வாரம் பாட்டே கெடையாது, வெறும் அடவு. வலது காலை முன்னால வச்சு, தட்டி, பின்னால வாங்கி, திரும்பி, குனிஞ்சு கும்மி. பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். பத்தாவது நிமிசம் முதுகுல தண்ணி ஊத்துன மாதிரி வேர்த்துப் போச்சு, அதுவும் மார்கழி ராத்திரில! பாட்டு வேகம் எடுக்க எடுக்க காலும் தானா வேகம் எடுக்கும். நடுவால நிக்க முடியாது, நின்னா பின்னால வர்றவ நம்ம மேல மோதுவா. ஜிம்முல அப்படி யாருங்க மோதறா?

பிசியோ தம்பி சொன்ன "பேசலாம், பாட முடியாது" கணக்கு இங்க சரிப்படாதுங்க. வள்ளி தெனைப்புனம் காக்கற பாட்டுக்கு நாங்க ஆடிக்கிட்டே மறுபாட்டுப் பாடோணும். மொத மாசம் வாயை மட்டும் அசைச்சேன். மூணாவது மாசம் சத்தமும் வந்துச்சு.

முந்தியெல்லாம் ஆம்பளைங்க ஆடுன ஆட்டம் இது. மேட்டுப்பாளையத்துப் பக்கம் பத்திரப்பன் அய்யா பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தாரு, அவருக்கு 2024ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இப்ப எங்க வட்டத்துல நாப்பது பேருல முப்பத்தி ரண்டு பேர் பொம்பளைங்க. வெளிச்சம் இருக்குது, கூட்டம் இருக்குது, நாய் வராது. வந்தாலும் வட்டத்துக்கு வெளிய படுத்துக்கிட்டு வேடிக்கை பாக்குது.

முழங்கால் வலி இருந்தா குதிக்கற அடவை மட்டும் வுட்டுட்டு ஆடுங்க. எங்க அறுவத்தி மூணு ஆத்தா அப்படித்தான் ஆடுது, ஒருத்தருக்கும் தெரியாது.

---

பவர்டேபிள்அக்கா:

எல்லாத்துக்கும் நன்றிங்க. பிசியோ தம்பி, அந்த பாபின் சமாச்சாரத்தைப் படிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயி என் செருப்பைத் தட்டிப் பாத்தேன். மாத்திரை மெட்ஃபார்மின் மட்டுந்தான். ஒரு சந்தேகம், தெனமும் வாசல்ல பெருசாக் கோலம் போடறேனே, அது கணக்குல வருமா? சென்னிமலைப் படி ஏறலாமா?

---

ஈரோடுபிசியோ:

கோலம் வரும். குனிஞ்சு நிமிர்றது இடுப்புக்கும் தொடைக்கும் நல்லது, சாணி தெளிச்சுக் கூட்டறதும் சேர்த்து. ஆனா அது மூச்சு வாங்கற வேகம் கிடையாது, அதனால நடைக்குப் பதிலா வச்சுக்காதீங்க.

படி இப்ப வேண்டாம். 1320 படி. ஏறறது இருதயத்துக்கு நல்ல வேலைதான், இறங்கறப்பதான் முழங்கால் மூட்டு அடி வாங்கும். ரெண்டு மாசம் நாற்காலிப் பயிற்சி செஞ்சு தொடை பலமான பிறகு ஏறிப் போய், இறங்கறதுக்கு மலைப்பாதைல வண்டில வாங்க.

---

இட்டேரிக்காரன்:

1984ல ரெட்டைமாட்டு வண்டி ஏறுன படிங்க அது. மாடு ஏறுச்சு, அம்மிணி ஏறாதா? சும்மா சொன்னேன். தம்பி சொல்றதையே கேளுங்க. பச்சத்தண்ணியும் வேண்டாம், வாபஸ்.

---

பவர்டேபிள்அக்கா (பொங்கல் முடிஞ்சு):

நோம்பி வேலைல எழுத முடியல. நடந்ததைச் சொல்றேன்.

வெடியால நடையை தூக்கிப் போட்டுட்டேன். இப்ப காத்தால தோசை தின்னதும் பத்து நிமிசம் இட்டேரி முக்கு வரைக்கும். மத்தியானம் சோத்துக்கப்பறம் பத்து நிமிசம். ராத்திரி எங்கூட்டு வாசல்லயே இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும், ஒரு பக்கம் போக இருவத்தாறு எட்டு வைக்கோணும். மாமியா தாழ்வாரத்துல உக்காந்து "எதையாச்சும் தொலைச்சுப்போட்டியா?"ன்னு கேட்டாங்க. ரண்டாவது நாள் அவுங்களும் கம்பை ஊணிக்கிட்டுக் கூட நடந்தாங்க, நாலு சுத்து.

மிசின்லயும் ஒரு மாத்தம் பண்ணியிருக்கறேன். முன்னால பாபின் பத்து ஒட்டுக்காச் சுத்திப் பக்கத்துல வச்சுக்குவேன். இப்ப ரண்டுதான். தீர்ந்தா எந்திரிச்சுப் போயி ஆசாரத்துக் (கூடம்) கடைசில இருக்கற மிசின்ல சுத்திட்டு வரோணும். அடுக்கிக் கட்டுன பீஸையும் பையனைத் தூக்கச் சொல்றதில்ல, நானே கொண்டு போயி வைக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறேழு பீஸ் கொறையுது. அந்தக் காசு போனாப் போச்சாதுன்னு நானாச் சொல்லிக்கிறேன், ஆனா சனிக்கிழமை கணக்குப் பாக்கறப்ப சுருக்குங்குது.

கும்மிக்கு எங்கூர்ல ஆள் சேரல. பக்கத்து ஊர் மாகாளியம்மன் கோயல்ல பழக்கறாங்கன்னு கேள்விப்பட்டு நங்கையாளோட போனேன். (நங்கையா வந்துட்டாங்க, பேத்தி பொறந்திருக்குது.) மொத நாள் வலதும் எடதும் மாறி மாறி, வாத்தியாரு என்னையக் கூப்பிட்டு எடது கால் கட்டை வெரல்ல மருதாணி வச்சுட்டு வரச் சொன்னாரு, அடையாளத்துக்கு. வச்சுட்டுப் போனேன். பூப்பறிக்கற நோம்பி அன்னிக்கு பொம்பளைங்க எல்லாம் கட்டுச்சோறு எடுத்துக்கிட்டு ஆவாரம்பூ பறிக்கக் கரட்டுக்குப் போனமுங்க. போகவர நாலு கிலோமீட்டர் இருக்கும், அங்க போயும் ஒரு சுத்து கும்மி. முழங்கால் அன்னிக்கு ராத்திரி வலிச்சுது, மறுநாள் இல்ல.

சக்கரை இன்னும் பாக்கல, அடுத்த மாசம் மூணு மாசக் கணக்கு டெஸ்ட்டு எடுக்கோணும். வந்ததும் நெசத்தைச் சொல்றேன், ஏறியிருந்தாலும் சொல்றேன். ஒப்புட்டு (போளி) ரண்டு தின்னேன், அதையும் இங்கயே ஒத்துக்கறேன்.

மாசி கடைசில அரங்கேத்தம். சலங்கை வாங்கியாச்சு. சேலை மஞ்சளா பச்சையான்னுதான் வாட்சப் குரூப்புல ஒரு வாரமா ஓரியாட்டம் ஓடுது. சலங்கைக்காரி அக்கா, உங்களுது என்ன கலருங்க?